பிலிமில் விழுந்த வெள்ளை

ஷ்லீரன்
05.02.2012

அன்புள்ள மருமகள் மதுஜாவுக்கு,

இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முன்னமே சொன்னனான். பிலிம் கிழியும் என்றேன், கிழிந்தது. உன் புருசன் விஜிதரனின் கைக்கு ஆபத்து என்றேன், கை போனது. கடைசியில் பழி என் தலையில் விழும், மருமகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டாள் என்றும் மாமிக்குச் சொல்லி வைத்திருந்தேன். மாமியைக் கேட்டுப் பார். அவளுக்கு ஞாபகம் இல்லையென்றால் அது அவளுடைய ஞாபகத்தின் குறை.

தொலைபேசியில் கதைக்க மாட்டாயாம், சொல்ல இருப்பதை எழுதி அனுப்பட்டாம் என்று கொம்மா சூக் நகரத்திலிருந்து அறிவித்தாள். ஏன் என்று கேட்டேன். “அண்ணை, நீங்கள் வாயாலை கதைச்சா கதை வளர்ந்துகொண்டே போகுதாம். பேப்பரிலை எண்டா நிண்ட இடத்திலை நிக்குமாம்” என்றாள். என் தங்கச்சி ஞானேஸ்வரிக்கு நான் கதைக்கக் கற்றுக் கொடுத்தவன். அவள் எனக்குச் சொல்கிறாள்.

சரி, எழுதுகிறேன். எழுத்து எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு நின்றாலும், எங்கள் பக்கத்து இளந்தாரிகளின் காதல் கடிதங்களில் அரைவாசி நான் எழுதிக் கொடுத்தவை. ஒன்றும் தோற்கவில்லை. ஒரேயொரு கலியாணம் குழம்பியது. அது பெண் வீட்டாருக்கு வாசிக்கத் தெரியாததால்.

நீ ஆராவில் ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பிளாஸ்ரிக்கைச் சோதிக்கிறாய். நீ அதைப் படிப்பால் அறிவாய். நான் பதினெட்டு வருடமாகக் கையால் அறிந்தவன். எங்கள் மெசினில் முதலில் வருவது தடித்த பிளாஸ்ரிக் தகடு. மங்கல், பழைய மூக்குக்கண்ணாடி மாதிரி. அதைச் சூடான றோலர்களின் மேல் ஓடவிட்டு, அடுத்த றோலர்களை ஐந்து மடங்கு வேகத்தில் சுழற்றுவோம். அந்த இழுப்பில் தகடு நீண்டு மெலிந்து தெளிந்து கண்ணாடி மாதிரிப் பிலிம் ஆகும். மேலே இருந்த சொரசொரப்பு படிந்து மினுங்கும். பிறகு நீளமான அடுப்புக்குள் போய் அகலத்துக்கும் இழுபட்டு வெளியே வரும். நீ பிஸ்கற் பெட்டியை உடைக்கும்போது சரசரக்கிறதே, அந்தச் சத்தத்தில் பாதி என்னுடையது.

இழுப்பதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. பக்குவம் தப்பினால் பிலிம் வெள்ளை காட்டும். வெள்ளை விழுந்தால் கிழியப் போகிறது என்று அர்த்தம். இதை எங்கள் கம்பனி டைரக்டரே என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

ஓரம் கிழிந்தால் மெசினை நிற்பாட்ட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நிற்பாட்டினால் மறுபடி சூடேறி ஓட அரை நாள் போய்விடும், மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் நிற்பாட்டுவதில்லை. காப்புக் கூண்டைத் திறந்து, கிழிந்த ஓரத்தை வெறுங்கையால் எட்டிப் பிடித்து, ஓடுகிற றோலரிலேயே திருப்பி ஏற்றுவோம். நண்டைப் பின்காலில் பிடிக்கிற மாதிரி. நான் பிடிக்கும்போது சுவிஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்திருக்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் அந்தக் காலை, பிலிமின் இடது ஓரத்தில் வெள்ளை விழுவதை நான் கண்டேன். வேறு ஒரு கண்ணுக்கும் படவில்லை. “தம்பி விஜி, வெள்ளை காட்டுது. கிழியப் போகுது. கையை வைச்சிடாதை” என்றேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

கம்பனியின் காப்புறுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதினெட்டு வருடத்தில் நான் காலடி வைக்காத கூட்ட அறையில் என்னை இருத்தினார்கள். கோப்பி, பக்கத்தில் சின்னச் சொக்கிளேற். “ஹேர் குணசேகரம், இங்கே அனுபவசாலி நீங்கள்தான். ஏதாவது கவனித்தீர்களா?” என்று, திருவாளர் போட்டு மரியாதையாகக் கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் டொச் பாசையைக் கேட்டு, அவர்கள் கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளப் பெண் வேலையில்லாமல் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளதைச் சொன்னதற்காகவா என்னோடு கோபம்?

இப்படிக்கு,
அனுபவசாலி மாமா
குணசேகரம்


ஆராவ்
14.02.2012

மாமா,

கடிதம் கிடைத்தது. வாசித்துக் காட்டும்படி விஜி கேட்டார். நான் காட்டவில்லை.

நீங்கள் கோப்பி குடித்துக்கொண்டு சொன்னது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று எழுதுகிறேன். “அனுபவமுள்ள சக தொழிலாளி நேரடியாக எச்சரித்த பின்னும் கையை வைத்தார்.” இதுதான் அந்த வசனம். இதை வைத்துக் கம்பனியின் காப்புறுதி, பிழை முழுக்க அவருடையது, நட்டஈடு இல்லை என்கிறது. இதே வசனத்தை வைத்துக் கம்பனி, அவருக்கு வேறு வேலை தரத் தங்களுக்குக் கடமை இல்லை என்கிறது. நாங்கள் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்திருக்கிறோம். அந்த அம்மா முதல் கேட்ட கேள்வியே, “யார் இந்த ஹேர் குணசேகரம்?” என்பதுதான். என் சொந்த மாமா என்று சொன்னேன். பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

விஜியின் வலது கையில் பெருவிரலும் சின்னவிரலும்தான் மிஞ்சியிருக்கின்றன. வீட்டுக்குள்ளும் ஜக்கெற் போட்டுக்கொண்டு அந்தக் கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருக்கிறார். சோறு சாப்பிடுவது இடது கையால், கரண்டியால், சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் அடுப்படிக்குப் போனால்தான் வேகமாகச் சாப்பிடுவார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அடுப்படியில் சும்மா நிற்கப் பழகிவிட்டேன்.

நீங்கள் எச்சரித்தீர்களா என்று அவரிடம் கேட்டேன். “மாமா ஒண்டும் சொல்லேல்லை. நான் மாமாவைக் காணவே இல்லை” என்றார். உங்களைக் குறை சொல்லவும் இல்லை. இந்த வேலையை எடுத்துத் தந்தது நீங்கள் என்று இன்னும் நன்றியோடு இருக்கிறார்.

வெறுங்கையால் ஓரத்தைப் பிடிக்கிற வித்தையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை யாரைப் பார்த்துப் பழகினார் மாமா?

எச்சரிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மதுஜா


ஷ்லீரன்
19.02.2012

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தில் பொய் என்ற சொல் இல்லை. ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியும்.

நான் சொன்னேன். இன்னும் கேள். நான் சொன்னபோது விஜி திரும்பி என்னைப் பார்த்தான். “ஓம் மாமா” என்றான். தலையும் ஆட்டினான். எங்களோடு வேலை செய்கிற சிறீதரனும் பக்கத்தில் நின்றவன், அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவனைக் கேட்டுப் பயனில்லை. வெள்ளை எப்படி விழுந்தது என்றும் கேள். முதலில் நூல் மாதிரி ஒரு கோடு. பிறகு பாலில் ஆடை படிகிற மாதிரி இடது ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரவியது. அதற்கு அங்கால் நின்ற தூணை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெள்ளை. காணாதவன் இவ்வளவு சொல்வானா?

இன்னொன்றையும் நீ விளங்க வேண்டும். இந்தப் பதினெட்டு வருடமும் நான் அங்கே வெறும் குணா. சில பேருக்கு அதுவும் இல்லை, “ஏய்” தான். அந்த அறைக்குள் இருந்து எழும்பி வந்த நாளிலிருந்து ஹேர் குணசேகரம். புதிதாக வருகிற பெடியளை என்னிடம் கூட்டி வந்து, “இவருக்கு முன்கூட்டியே தெரியும்” என்று அறிமுகம் செய்கிறார்கள். டைரக்டர் வழியில் கண்டால் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறார். பென்சனுக்கு இரண்டு வருடம் கிடக்கிறது. இப்போது போய், நான் ஒன்றும் காணவில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? அதை நீ யோசித்தாயா?

வித்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இளம் பெடியன் பெரியவர்களைப் பார்த்துத்தான் வேலை பழகுவான். அது உலக வழக்கம்.

அவன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. சீனி வருத்தம் என்று மாமி சொல்கிறாள்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். இடது கைக்காரருக்கென்றே செய்த கத்தரிக்கோல், சூரிச்சில் ஒரு கடையில் வாங்கியது. விற்ற கிழவன், இதை இவ்வளவு சரியாகத் தெரிவு செய்த ஆளைத் தான் கண்டதில்லை என்றான். நான் தந்தது என்று விஜிக்குச் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம்.

மாமா
குணசேகரம்


ஆராவ்
11.03.2012

அன்புள்ள மாமா,

இவ்வளவு நாளும் பதில் போடாததற்கு மன்னியுங்கள். கோபத்தில்தான் இருந்தேன். இப்போது எழுதுவது கோபத்தில் அல்ல. அமைதியாக இருந்து வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் வெள்ளையைப் பற்றி எழுதிய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொய்யைப் பிடிக்கத்தான் வாசித்தேன், அதை உங்களிடம் ஒளிக்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் பிளாஸ்ரிக்கை இழுத்துப் பார்க்கிற கருவி ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பிடி, நடுவில் சின்னச் சூட்டு அறை. உங்கள் மெசினில் ஓடுகிற அதே வகைத் தகட்டை எடுத்துக் கீற்றாக வெட்டினேன்.

முதல் கீற்றைச் சூடில்லாமல் இழுத்தேன். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியது. ஒடுங்கிய இடம் பால் வெள்ளை. இழுபடும்போது உள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் விழுகின்றன மாமா. வெளிச்சம் நேராகப் போக முடியாமல் அவற்றில் பட்டுச் சிதறுகிறது. அதுதான் நாங்கள் காணும் வெள்ளை. நீங்கள் எழுதியது போலவே நூலாகத் தொடங்கிப் படர்ந்தது. பிறகு அறுந்தது.

அடுத்த கீற்றை உங்கள் றோலர் எவ்வளவு சூடோ அவ்வளவு சூட்டில் இழுத்தேன். வெள்ளை வரவே இல்லை. தகட்டில் முதலே இருந்த மங்கலும் போய்விட்டது. மேற்பரப்பு படிந்து அதில் என் முகம் தெரிந்தது. வேண்டுமென்றே வேகமாக இழுத்து அறுத்தேன். அறுந்த நுனியும் தெளிவாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒரே முடிவுதான்.

விளங்குகிறதா மாமா? நீங்கள் கண்டது வெள்ளை என்றால், அந்தக் காலை றோலர்கள் சூடாகவே இல்லை. குளிர்ந்த தகட்டை மெசின் இழுத்திருக்கிறது. அது கிழிந்தது விஜியின் பிழை அல்ல. சூட்டைக் கவனிக்க வேண்டியது கம்பனி.

சட்டத்தரணி அம்மாவிடம் கீற்றுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தா. அன்றைய சூட்டுப் பதிவைக் கம்பனியிடம் கேட்டோம். கணினியில் அழிந்துவிட்டதாம். கிழிந்த பிலிமைக் கேட்டோம். மற்றக் கழிவோடு சேர்த்து அரைத்துவிட்டார்களாம். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதைக் கண்ட ஒரு கண். ஏப்ரல் நடுவில் இரண்டு பக்கமும் சந்திக்கும்போது நீங்கள் வந்து வெள்ளையைக் கண்டதைச் சொல்ல வேண்டும். எச்சரித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள், பரவாயில்லை. மெசின் பிழை என்று நின்றுவிட்டால் எச்சரிக்கையின் பாரம் குறைந்துவிடும் என்கிறா.

விஜிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கீற்றுகளை இடது கையால் வாங்கிக் கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்ப மாமா கண்டிருக்கிறார். கண்டா கட்டாயம் சொல்லியுமிருப்பார். சத்தத்திலை எனக்குத்தான் கேக்கேல்லைப் போல.” அன்று மேசையில் என்னோடு இருந்து சாப்பிட்டார்.

உங்களை நம்பாமல் விட்டேன். அதற்கும் மன்னியுங்கள். கத்தரிக்கோல் நன்றாக வெட்டுகிறது. நீங்கள் தந்தது என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்
மதுஜா


ஷ்லீரன்
16.03.2012

அன்புள்ள மருமகள் மதுஜாவுக்கு,

பார்த்தாயா. இதையும் நான் எதிர்பார்த்தேன். நீ ஒருநாள் ஆய்வுகூடத்துக்குள் போய், மாமா சொன்னது சரி என்று கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வருவாய் என்று. படித்தவர்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கும், அது உன் குற்றம் இல்லை.

வருவேன். ஏன் வராமல்? மண்ணிறக் கோட்டை உடுப்புத் துப்புரவுக்குக் கொடுத்திருக்கிறேன். சட்டத்தரணிக்குச் சொல், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவர்கள் பக்கத்திலிருந்து பத்துப் பேர் வந்தாலும் நான் ஒருவன் போதும்.

ஒரு சின்னச் சந்தேகம். கேட்பதற்காகத்தான் கேட்கிறேன். வெள்ளை என்றால் எவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும்? காலை வெயில் யன்னலால் வந்து பிலிமில் பட்டால் அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். அந்த மாதிரி வெள்ளைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதா? நீ சொன்ன சூட்டில் இழுத்தபோது, கொஞ்சமும், ஒரு பொட்டுக்கூட வெள்ளை வரவில்லையா? கருவியில் ஏதாவது கோளாறு இருக்கலாம். இன்னொரு முறை செய்து பார். நான் உனக்காகச் சொல்கிறேன்.

விஜி மேசையில் இருந்து சாப்பிட்டான் என்று மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். நான் அழவில்லை. அடுத்த கிழமை ஞாயிறு நாங்கள் இருவரும் ஆராவுக்கு வருகிறோம். சமைத்து மினைக்கெட வேண்டாம்.

மாமா


ஆராவ்
27.03.2012

அன்புள்ள மாமா,

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வந்து கோட்டையும் கழற்றாமல் இருந்தீர்கள். டைரக்டர் உங்களிடம் பிலிம் பழகிய கதையைத் தொடங்கினீர்கள், நாங்கள் எல்லோரும் சிரித்தோம், விஜியும். பிறகு விஜி உங்கள் முன்னால் வந்து நின்று இரண்டு வார்த்தை கதைத்தார். நான் ஊற்றித் தந்த கோப்பியை நீங்கள் அப்படியே வைத்துவிட்டு, “றெயினுக்கு நேரமாச்சு” என்று எழும்பிவிட்டீர்கள். ஆராவிலிருந்து உங்கள் பக்கம் போக எந்த நேரமும் றெயின் இருக்கிறது மாமா. மாமி சப்பாத்தைச் சரியாகப் போடாமல் உங்கள் பின்னால் ஓடினா.

அவர் கதைத்தது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அதைச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் போன பிறகு, “மாமா இன்னும் கோவம் போல” என்றார். இப்போது அடிக்கடி சொல்கிறார், அந்தச் சத்தத்துக்குள் உங்கள் குரல் கேட்ட மாதிரியும் ஞாபகம் வருகிறதாம். ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் கை இருந்திருக்கும் என்று தன்னையே திட்டுகிறார். மெசின்தான் பிழை என்று நான் எவ்வளவு சொன்னாலும் திரும்பி அங்கேயே வந்து நிற்கிறார்.

சட்டத்தரணி அம்மா ஒன்று கேட்கச் சொன்னா. கம்பனிக்காரர் தங்கள் மண்டபத்தின் வரைபடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வேலை இடம், பிலிம் சுற்றி முடிகிற கடைசிப் பக்கம். அதற்கும் சூட்டு றோலர்களுக்கும் நடுவில் அந்த நீள அடுப்பு நிற்கிறது. அங்கே நின்றால் றோலர்கள் தெரியாது என்று அவர்கள் கட்டாயம் சொல்வார்களாம். நீங்கள் அந்த நேரம் முன்பக்கத்துக்கு வந்திருந்தீர்கள் என்றால் அதைச் சொன்னால் போதும்.

எங்கே நின்றீர்கள் மாமா?

மதுஜா


ஷ்லீரன்
09.04.2012

மதுஜா பிள்ளைக்கு,

நேற்று உயிர்த்த ஞாயிறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முட்டை தேடித் திரிந்தார்கள். இரண்டு முறை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். தொடங்கினால் கதை தானாகவே வளர்கிறது. கொம்மா சொன்னது சரிதான், ஆனால் பேப்பரிலும் வளரும்.

அன்று உங்கள் வீட்டில் விஜி என் முன்னால் வந்து நின்றானே. வலது கையை முதலாவது முறையாகப் பொக்கற்றால் வெளியே எடுத்திருந்தான். இடது கையால் என் கையைப் பிடித்தான். “மாமா, நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டிருக்க வேணும். நான் கவனிக்கேல்லை. என்னாலை உங்களுக்குத்தான் கரைச்சல். கோவிக்காதேங்கோ” என்றான்.

நான் சொல்லாத ஒன்றை அவன் கேட்டு வைத்திருக்கிறான், பிள்ளை. என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்தக் கதையையும் யாரும் இந்த அளவுக்கு நம்பியதில்லை.

எங்கே நின்றேன் என்று கேட்டாய். கடைசிப் பக்கத்தில், அடுப்புக்கு அங்கால், யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறீதரனுக்கு அந்தக் காதல் கடிதக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்போதுதான் முன்பக்கத்தில் சத்தம் வந்தது. ஓடிப்போய் மெசினை நிற்பாட்டியது நான். இல்லை. சிவப்புப் பொத்தானை அமத்தியது சிறீதரன். நான் அவனுக்குப் பின்னால் ஓடினேன்.

கூட்ட அறையில் கவனித்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பி சூடாக இருந்தது. கதிரை மெத்தென்று இருந்தது. யன்னலைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அந்தக் கதிரையில் இருந்து எப்படிச் சொல்வது? வெள்ளையைக் கண்டேன் என்றேன். கண்டவன் சும்மா நின்றான் என்று வரக்கூடாதே, அதற்காக விஜியை எச்சரித்தேன் என்றும் சேர்த்தேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் உன் சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். மண்ணிறக் கோட்டுப் போடவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். சிவகலா என்று ஒரு பிள்ளை வந்தது, உன் வயது இருக்கும். என் டொச் இதற்குக் காணாது என்று அதுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அது சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதினா. நான் எச்சரிக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். இனி அந்த வசனம் விஜியின் மேல் நிற்காதாம். ஆனால் உன் கீற்றுகளும் இனி உதவாதாம். வெள்ளை இல்லையென்றால் மெசினின் பிழையும் இல்லை. அந்த அம்மா அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கீற்றுகளைக் கவருக்குள் திருப்பி வைத்துக்கொண்டிருந்தா.

கூண்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது மேற்பார்வையாளருக்குத் தெரியுமா என்று கேட்டா. தெரியும் என்றேன். வெறுங்கையால் ஓரம் பிடிக்க விஜிக்கு யார் காட்டினார்கள் என்று கேட்டா. சிவகலா அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொல்ல முதலே விளங்கிவிட்டது. நான் என்றேன். இதையெல்லாம் வைத்து ஏதாவது கிடைக்குமா என்று அவவுக்குத் தெரியாதாம். கம்பனி என்னை என்ன செய்யும் என்றும் தெரியாது. விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமையிலிருந்து பார்ப்போம்.

நீ நினைப்பாய், பதினெட்டு வருடமாய் எதையெல்லாமோ கூட்டிச் சொன்ன மனுசன், எங்களுக்குத் தேவையான இந்த ஒன்றை மட்டும் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. நானும் அதைத்தான் நினைத்தேன். சட்டத்தரணியிடம் போகிற றெயினில் சூரிச் வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். கண்டேன் என்று ஒரு சொல். எனக்கு அது கஷ்டமா? ஆனால் வெள்ளையை வைத்தால் என் எச்சரிக்கையும் கூடவே நிற்கும். அவன் தன் ஆயுளுக்கும் என் குரலைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து இருப்பான். அவனுக்குச் சொல், அங்கே ஒரு குரலும் இல்லை. மாமா அடுப்புக்கு அங்கால் நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தவர் என்று சொல். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு.

ஒன்றை மட்டும் நான் உண்மையாகக் கண்டேன். அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. கத்தியால் அவனுடைய கையிலிருந்து பிலிமை வெட்டி எடுத்தது நான்தான், சிறீதரன் இல்லை. அது சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. தொட்டபோது என் கை சுட்டது. றோலர் நல்ல சூட்டில்தான் இருந்திருக்கிறது, பிள்ளை. அதில் வெள்ளை விழவே இல்லை. வெள்ளையை நான் பிறகு வைத்தேன். அது கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்கூடாக எனக்கு அவனுடைய விரல்கள் தெரிந்தன.

மாமா